கவுண்ட் எவ்வளவு?

வணக்கம் ஐயா,

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. போன ஐப்பசியில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து சென்னையில் சேர்த்திருக்கிறோம். கூட இருப்பது அக்காதான். அத்தான் திருப்பூரில் வேலைக்குப் போகிறார். மூத்தவள் என் அம்மாவிடம் இருக்கிறாள். போன் செய்தால் அக்கா எரிந்து விழுகிறாள். ஒரு சொட்டு அழவில்லை. "தைரியமா இரு" என்று சொன்னதற்கு ஒரு வாரம் பேசவில்லை. அவளுக்கு ஆறுதலாக ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.

க., கோவை

அன்புள்ள க.,

புத்தகம் வேண்டாம். இப்போது அவளால் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியாது.

என் தங்கை மகளுக்கு இதே நோய் வந்தபோது வார்டில் சில இரவுகள் இருந்திருக்கிறேன். அங்கே அம்மாக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே "கவுண்ட் எவ்வளவு?" என்றுதான், அதாவது பிள்ளையின் ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று. வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே டாக்டரிடம் ஓட வேண்டும். அதனால் தூங்கும்போதும் கை பிள்ளையின் நெற்றியில் இருக்கும். ஸ்டீராய்டு கொடுக்கிற வாரங்களில் குழந்தை நடுராத்திரியில் தோசை கேட்டு அழும், தந்தால் தட்டிவிடும். முதுகில் ஊசி போட, அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஊசி போட்டவர் மேல் பிள்ளைக்குக் கோபம் வராது, பிடித்தவள் மேல்தான் வரும். இத்தனைக்கும் நடுவே "தைரியமா இரு" என்றால், இன்னொரு வேலையைத் தலையில் வைத்த மாதிரிதான் கேட்கும்.

"மாசமா இருக்கும்போது என்னத்தத் தின்னா?" என்று என் தங்கையை ஒரு பெரியம்மா கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்துக்கே தெரியாது. இதை அக்காவிடம் சொல்வதைவிட உறவினர்களிடம் நீங்கள் சொல்லுங்கள், சத்தமாக. முள்சீத்தாப் பழம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வீடியோ அனுப்புகிறவர்களையும் நீங்களே நிறுத்துங்கள்.

இந்த வயதில் அதிகம் வருவது லிம்போபிளாஸ்டிக் என்கிற ரத்தப் புற்றுநோய் வகை. சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் ஓடும். வசதியான நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நம் பக்கம் பணத்தாலும் களைப்பாலும் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அதனால் அக்காவின் களைப்பைக் குணம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே ஓர் அக்காவின் துக்கத்தில் தொடங்கியதுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அதை 12 படுக்கைகளோடு திறந்தார். உங்களிடம் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. "என்ன உதவி வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். யோசித்துச் சொல்வதும் அவளுக்கு வேலைதான். மாதம் ஒரு சனி, ஞாயிறு ரயிலேறிப் போய் பையன் பக்கத்தில் உட்காருங்கள், அவள் குளித்துவிட்டு ஆறு மணி நேரம் தூங்கட்டும். சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். காப்பீட்டுக் காகிதம், ஜெராக்ஸ், பில் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும்.

மூத்தவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என் தங்கையின் பெரிய மகள் வயதுக்கு வந்த சேதி, வார்டு வராந்தாவில் போனில்தான் வந்தது. அன்றைக்குத்தான் தங்கை அழுதாள். நான்கு மாதத்தில் முதல் தடவை. அந்தப் பெண்ணின் தேர்வு, டிபன் டப்பா, ஜடை எல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். என் தங்கை மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் காலில் நீலமாகக் கன்றிய தடம் ஒன்று தெரிந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்று இன்றைக்கும் தங்கைக்கு அன்று சோறு இறங்காது. பிழைத்த பிள்ளைகளைவிடப் பெற்றவர்களிடமே அந்த அதிர்ச்சி அதிகம் தங்குகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அப்போதும் போன் செய்யுங்கள்.

இந்த முறை போகும்போது கனமான போர்வை ஒன்று எடுத்துப் போங்கள். நான் இருந்த வார்டில் கூட இருப்பவர்களுக்குக் கட்டில் கிடையாது, பாய்தான். மார்கழியில் அந்தத் தரை ஜில்லென்று இருக்கும்.