கனடாவிலிருந்து கியூபெக் மாகாணம் சட்டப்படி பிரிந்து செல்ல முடியுமா?

தன்னிச்சையாகப் பிரிந்து செல்லும் உரிமை கியூபெக்குக்கு இல்லை. ஆனால் பிரிவினைக்குச் சட்டத்தில் வழியே இல்லை என்பதும் சரியன்று. இவ்விரண்டையும் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1998 ஆகஸ்ட் 20 அன்று ஒரே தீர்ப்பில் கூறியது.

1995 அக்டோபரில் கியூபெக்கில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிவினையை எதிர்த்தவர்கள் 50.58 விழுக்காடு, ஆதரித்தவர்கள் 49.42 விழுக்காடு. மயிரிழையில் தப்பிய கூட்டாட்சி அரசு, ஒருதலைப்பட்சமாகப் பிரிய அரசமைப்பிலோ பன்னாட்டுச் சட்டத்திலோ இடம் உண்டா என்று நீதிமன்றத்தைக் கேட்டது. கியூபெக் அரசு வாதிட மறுத்துவிட்டதால், அதன் தரப்பை எடுத்துரைக்க நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமித்தது.

பன்னாட்டுச் சட்டப்படி, பிரிந்து செல்லும் அளவிலான சுயநிர்ணய உரிமை குடியேற்ற ஆதிக்கத்திலோ அந்நிய அடக்குமுறையிலோ இருக்கும் மக்களுக்கே உரியது என்ற நீதிமன்றம், முந்தைய 50 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கனடாவின் பிரதமர்கள் கியூபெக்கைச் சேர்ந்தவர்களாகவே இருந்ததைச் சுட்டிக்காட்டி, கியூபெக் மக்கள் அந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற வாதத்தை ஏற்கவில்லை. உள்நாட்டுச் சட்டத்தில்தான் தீர்ப்பு எதிர்பாராத திசையில் சென்றது. கூட்டாட்சி, மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் பாதுகாப்பு ஆகிய நான்கு கோட்பாடுகளும் அரசமைப்புக்கு அடித்தளம் என்றும், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மையோர் ஆதரவு தெரிவித்தால், மற்ற மாகாணங்களும் கூட்டாட்சி அரசும் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவை என்றும் அது கூறியது. அரசமைப்பின் வாசகங்களில் எங்குமே எழுதப்படாத கடமை இது. என்னைப் பொறுத்தவரை, பிரிவினைக்கு உரிமை உண்டா என்ற கேள்வியைவிட, வாக்களிப்புக்குப் பின் யாருக்கு என்ன கடமை என்ற கேள்வியே சட்டத்தில் பயனுள்ளது என்பதை இந்தத் தீர்ப்பு காட்டுகிறது.

எது தெளிவான பெரும்பான்மை என்பதை நீதிபதிகள் வரையறுக்காமல் அரசியலாளர்களிடம் விட்டனர். விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. 2000இல் கனடா நாடாளுமன்றம் இயற்றிய தெளிவுச் சட்டம், கேள்வியும் பெரும்பான்மையும் தெளிவானவையா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அந்த நாடாளுமன்றத்தின் மக்களவைக்கு அளித்தது. அதே ஆண்டு கியூபெக் சட்டமன்றம், செல்லுபடியான வாக்குகளில் பாதியும் ஒரு வாக்கும் போதும் என்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. 1995ஆம் ஆண்டுக் கேள்வியோ, புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவுக்குக் கனடாவிடம் முறைப்படி முன்மொழிந்த பிறகு இறைமை பெறச் சம்மதமா என்று கேட்டது. பிரிவினை என்ற சொல்லே அதில் இல்லை.

பேச்சுவார்த்தை தொடங்கினாலும் முடிவு உறுதியில்லை. கடன், சொத்து, எல்லை, பழங்குடியினர் உரிமை ஆகிய அனைத்தையும் பேசித் தீர்த்து, அரசமைப்பையும் திருத்தியாக வேண்டும். இவற்றுள் எல்லைதான் மிகக் கடினமானது என்று கருதுகிறேன். மாகாணத்தின் வடபகுதியில் வாழும் கிரீ பழங்குடியினர் 1995இல் தாமே ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். தங்களையும் தங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிப்பதை 96 விழுக்காட்டினர் நிராகரித்தனர்.