நாலு வாரத்தில் மொழி வருமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் நாலு வாரம் வெளிநாடு போய் ஒரு மொழி படிக்க ஆசை. திரும்பும்போது சரளமாகப் பேச வந்துவிடுமா?

வராது. ஆனாலும் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நாலு வாரத்தில் ஒரு படி ஏறினாலே பெரிய விஷயம், பலருக்கு அரைப் படிதான். அந்த அரைப் படியை எங்கே ஏறுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்து, எண்கள், 'நான் வருகிறேன், நீ வருகிறாய்' எல்லாவற்றையும் விமானம் ஏறிப் போய்க் கற்பது வீண் செலவு. ஏ1-ஐ வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. இத்தாலியில் பெருஜியா என்ற மலை நகரத்தில் வெளிநாட்டவர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1921-ல் தொடங்கிய வகுப்புகளிலிருந்து வளர்ந்தது. அங்கே ஒரு வார்த்தை தெரியாமல் போய் இறங்கினேன். காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் சக மாணவர்களோடு ஆங்கிலத்தில் அரட்டை, சாயங்காலம் கதீட்ரல் படிக்கட்டில் உட்கார்ந்து அதே ஆங்கில அரட்டை. இரண்டு வாரம் இப்படியே ஓடிவிட்டது.

மூன்றாவது வாரம் விடுதியை விட்டு ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. வந்த மறுநாளே குழாய் ஒழுகியது. பிளம்பருக்கு நீயே போன் பண்ணு என்று ரிசீவரைக் கையில் திணித்துவிட்டார். 'இல் ரூபினெத்தோ பெர்தெ' என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசினேன். குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம். அங்கே ஒழுகுவதற்கும் இழப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். தாளில் இருந்தது முடிந்ததும் பிளம்பர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "கால்தா, ஃப்ரெத்தா?" 'கால்தா' என் காதில் ஆங்கில 'கோல்ட்' மாதிரி விழுந்தது. ஒழுகியது பச்சைத்தண்ணீர்க் குழாய்தானே, "சி, சி, கால்தா!" என்றேன். 'சி' என்றால் ஆமாம். ஆனால் கால்தா என்றால் சூடு, ஃப்ரெத்தாதான் குளிர்ச்சி. அந்த மனிதர் வந்து வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பாட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வகுப்பில் பத்துத் தடவை எழுதியும் மனதில் நிற்காத சொல் அது.

அதனால் விண்ணப்பிக்கும்போது பாடத்திட்டத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், தங்குமிடத்தை மூன்று தடவை பாருங்கள். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வழியிருந்தால் அதையே கேளுங்கள். தோழியோடு சேர்ந்து போகிறீர்களா? தாராளமாகப் போங்கள், ஆனால் அறையை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் ஓவியக் கோடை வகுப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்கிறான். கையேடுகள் எல்லாமே அழகாக இருக்கின்றன. எதை நம்புவது?

ஐயா, கையேட்டில் படங்களை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். நானே ஒருமுறை இரண்டு வார நீர்வண்ண வகுப்பு என்று நம்பிச் சேர்ந்தேன். தூரிகை கையில் இருந்தது மூன்றே நாள், மீதி நாளெல்லாம் பேருந்தில் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகச் சுற்றினோம். தினமும் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ, வகுப்பு முடிந்த பிறகும் அது திறந்திருக்குமா, பெயர் போட்டிருக்கும் ஓவியர் எத்தனை நாள் கூடவே இருப்பார் என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடலாம்.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் கோட்டைக்குள் 1953-ல் ஓவியர் ஓஸ்கார் கோகோஷ்கா ஒரு கோடைப் பள்ளி ஆரம்பித்தார். 'பார்வைப் பள்ளி' என்று பெயர். அசைந்துகொண்டே இருக்கும் மாடலை நீர்வண்ணத்தில் சட்டென்று பிடிக்க வேண்டும், அதுதான் பயிற்சி. அதன் தொடர்ச்சியாகக் கோடை அகாடமி இன்றும் நடக்கிறது. பையனிடம் சொல்லிப் பாருங்கள். கண் விரிந்தால் அனுப்பலாம், சுற்றிப் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் சுற்றுலாவே போதும்.

கேள்வி: இரண்டு வாரப் படிப்புக்கு 12 ஐரோப்பிய கிரெடிட் தருவதாக ஒரு விளம்பரம். சேரலாமா? விசாவுக்கு என்ன கவனிக்க வேண்டும்?

ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 12 கிரெடிட்டுக்குக் குறைந்தது 300 மணி நேரம். இரண்டு வாரத்தில் இருப்பதே மொத்தம் 336 மணி நேரம்தான், தூங்க வேண்டாமா? நாலு வாரம், வாரத்துக்கு 20 மணி நேர வகுப்பு, அதில் பாதியளவு வீட்டுப்பாடம் என்றால் நாலு கிரெடிட் நியாயம். அதையும் உங்கள் கல்லூரி ஏற்குமா என்று போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா தேவைப்படும் நாட்டவர் என்றால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது கையில் இருக்க வேண்டும். கோடையில் கூட்டம் அதிகம், சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வகுப்பு முடிந்து ஊர் சுற்றப்போகும் நாட்களும் அதில் அடங்க வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.