பிள்ளைகளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்து விளையாட வைப்பதால் என்ன நன்மை? சும்மா ஓடி விளையாடினால் போதாதா?

உடம்பு அசைந்தால் சரி என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் தாராளமாகப் போதும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆடி ஓட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடிப்பிடித்து விளையாடியே அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஆனால் பல பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் தானாக அமைவதில்லை. கூட விளையாட ஆள் இருக்காது, இல்லையென்றால் வீட்டுப்பாடம் முடிந்திருக்காது. இந்தந்தக் கிழமை மாலை பயிற்சி என்று ஆகிவிட்டால் அந்த நேரத்தில் வேறு எதுவும் நுழையாது. கேட்கச் சப்பென்று இருந்தாலும் முதல் நன்மை இதுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வீட்டு ஆள் அல்லாத ஒரு பெரியவர் சொல்லும் திருத்தத்தை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் பழக்கம். என் மகள் வாலிபால் கற்க ஆரம்பித்தபோது அவள் போட்ட சர்வீஸ் எல்லாம் வலையிலேயே விழுந்தது. கோச் அடியைப் பற்றிப் பேசவே இல்லை. பந்தைத் தூக்கிப் போடும் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இப்போதைக்கு அடிக்காதே. மேலே போடு, பந்து இதற்குள்ளேயே விழட்டும்" என்றார். சில நாட்கள் அது மட்டும்தான் பயிற்சி. அப்புறம் அடிக்கச் சொன்னபோது பந்து வலையைத் தாண்டிப் போனது. இதையே நான் சொல்லியிருந்தால், "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள்.

தோற்பதும் அப்படித்தான். தெருவில் விளையாடும்போது, "பேட் என்னுடையது, நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடலாம். அணியில் அது நடக்காது. தோற்ற கையோடு எதிரணியிடம் கைகுலுக்க வேண்டும், அடுத்த செட்டுக்குத் தயாராக வேண்டும். மாற்று ஆட்டக்காரராக ஆட்டம் முழுக்க உட்கார்ந்தபடி, தன் இடத்தில் ஆடுபவளுக்காகவே கைதட்ட வேண்டும். அது பெரியவர்களுக்கே வராத காரியம். அதேசமயம், தானே விதி வகுத்து, சண்டை போட்டு, தானே சமாதானமாவது தெரு விளையாட்டில்தான் கிடைக்கும். அதனால் ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்த வேண்டாம்.

தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாம் சேர்ந்த உடனே வந்துவிடும் என்ற விளம்பரங்களை நான் நம்புவதில்லை. எந்நேரமும் திட்டும் கோச்சிடம் பிள்ளை திட்டத்தான் கற்கும்.

வயதுப் பிரிவில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜனவரி 1 கணக்கு என்றால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் வருவார்கள். எட்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் உயரத்திலும் பலத்திலும் நன்றாகவே தெரியும். தேர்வில் மூத்தவை முந்திக்கொள்வதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அணியில் எடுக்கவில்லை என்றதும் திறமை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நார்வேயில் 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியலே கிடையாது.

சின்ன வயதிலேயே ஒரே விளையாட்டில் தள்ளுவதும் வேண்டாம். எலும்பின் நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் முழங்கையும் குதிகாலும் வலிக்க ஆரம்பிக்கும். வாரப் பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. பத்து வயதென்றால் வாரம் பத்து மணி நேரம், அதிலும் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர்கூடச் சிறுவயதில் கால்பந்தும் ஆடியவர்தான்.

சேர்க்கும் முன் ஒருநாள் பயிற்சியை ஓரமாக நின்று பாருங்கள். கோப்பைகள் அடுக்கிய அலமாரியைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் கையில் பந்து எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் வரிசையில்தான் நிற்கிறார்கள் என்றால் வேறு இடம் தேடலாம்.