மண்ணுக்கடியில் உளுவையின் உறவினர்கள்: கேள்வி பதில்

நிலத்தடி நீரில் மட்டுமே வாழும் கோபி மீன்களை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். உளுவை மீன்களின் வகைப்பாட்டில் நெடுங்காலம் உழன்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கோபி என்பது எந்த மீன்? நாங்கள் பார்த்திருப்போமா? (தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மா)

பார்த்திருப்பீர்கள் அம்மா, குழம்பும் வைத்திருப்பீர்கள். ஏரியிலும் ஆற்றிலும் கிடைக்கும் உளுவைதான் அது. குளோசோகோபியஸ் கியூரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அடுத்த முறை வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். வயிற்றுப் பக்கத்தில் இரண்டு இடுப்புத் துடுப்புகளும் ஒட்டிச் சேர்ந்து சின்னக் கிண்ணம்போல இருக்கும். கோபிடே குடும்பத்தின் பெரும்பாலான மீன்களுக்கு இந்தக் கிண்ணம் உண்டு. பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவை வரிசை என்போம். கோபி வரிசையிலேயே எலியோட்ரிடே என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதில் அந்தத் துடுப்புகள் தனித்தனியாக இருக்கும். செவுள் சவ்வைத் தாங்கும் எலும்புக் கதிர்கள் உளுவைக்கு ஐந்து, எலியோட்ரிடே மீன்களுக்கு ஆறு. கீழே சொல்லப்போகும் சிக்கலெல்லாம் இந்த ஐந்து, ஆறிலிருந்துதான் கிளம்புகிறது.

நிலத்தடி கோபிகள் எங்கெல்லாம் இருக்கின்றன? (கல்லூரி மாணவர்)

முக்கியமாக ஆஸ்திரேலியாவின் வடமேற்கு ஓரம், மடகாஸ்கர், பிலிப்பைன்ஸின் சமர் தீவு, பாப்புவா நியூ கினி, ஜப்பான். ஏறக்குறைய எல்லாமே கடலோரத்துக்கு அருகில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அல்லது எரிமலைப் பாறைப் பகுதிகள்.

மில்லியெரிங்கா என்ற பெயரைப் படித்தேன். அதன் கதை என்ன? அதை எந்தக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள்? (மீன்வளக் கல்லூரி மாணவி)

எனக்கு மிகவும் பிடித்த மீன் இது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நார்த் வெஸ்ட் கேப் என்ற தீபகற்பம் இருக்கிறது. அங்கே மில்லியெரிங் என்ற கிணற்றில் கிடைத்த மீனுக்கு 1945இல் சிட்னி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் கில்பர்ட் விட்லி, மில்லியெரிங்கா வெரிடாஸ் என்று பெயர் வைத்தார். வெரிடாஸ் என்றால் லத்தீனில் உண்மை. உண்மை கிணற்றின் அடியில் கிடக்கிறது என்று ஒரு பழைய ஐரோப்பிய வழக்கு உண்டு, அதை மனதில் வைத்து இட்ட பெயர். ஐந்து சென்டிமீட்டர் அளவே இருக்கும் வெளிறிய மீன். வெளியே கண் தெரியாது. தலை முழுக்க உணர்மொட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும், தண்ணீரின் சிறு அசைவையும் அவற்றால்தான் அறிகிறது. மேலே நன்னீர், அடியில் உப்புநீர் என்று அடுக்காக நிற்கும் நிலத்தடி நீரில் வாழ்கிறது. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது தரையில் வாழும் பூச்சிகளும் இருந்தன. கிணற்றிலும் குகையிலும் தவறி விழுந்தவை.

விட்லி இதற்கென்றே மில்லியெரிங்கிடே என்று தனிக் குடும்பம் அமைத்தார். பின்னால் வந்தவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. இடுப்புத் துடுப்பு பிரிந்திருக்கிறது, செவுள் கதிர் ஆறு, ஆகவே எலியோட்ரிடே என்று அதற்குள் போட்டுவிட்டார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பிரிந்த துடுப்பும் ஆறு கதிர்களும் கோபி வரிசையின் ஆதி நிலை. பழைய நிலையை அப்படியே வைத்திருக்கும் இரண்டு மீன்கள் நெருங்கிய உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தா காலத்து ஓட்டுவீட்டை இடிக்காமல் வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை அந்த ஒரே காரணத்துக்காகப் பங்காளிகள் என்று சொல்ல முடியுமா? புதிதாகச் சேர்ந்து, பொதுவாகப் பெற்ற மாற்றம்தான் உறவுக்குச் சாட்சி.

மரபணுத் தரவு வந்த பிறகு விட்லியின் குடும்பத்துக்கு மறுபடி உயிர் வந்தது. 2016இல் வெளியான மீன் வகைப்பாட்டு நூலில் நெல்சன் குழுவினர் கோபி வரிசையை எட்டுக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். மில்லியெரிங்கிடே அதில் ஒன்று. 2013இல் இந்த மீனை மறுபடி விரிவாக விவரித்த லார்சன் குழுவினர் எலியோட்ரிடேயிலேயே வைத்ததையும் சொல்லிவிட வேண்டும். நான் தனிக் குடும்பத்தின் பக்கம்.

கண்ணில்லை, நிறமில்லை. இந்த இரண்டும் போதாதா, ஒரே குடும்பம் என்று சொல்ல? (பள்ளி ஆசிரியர்)

போதாது ஐயா. இந்தத் துறையில் மிக அதிகமாக ஏமாற்றும் அடையாளங்கள் இவைதான். தலைமுறை தலைமுறையாக இருட்டில் கிடந்தால் எந்த மீனும் கண்ணையும் நிறத்தையும் இழக்கலாம்.

மடகாஸ்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே அங்கரானா குகைகளில் ஒரு குருட்டு மீன் இருக்கிறது. 1994இல் பானிஸ்டர் விவரித்தார். பெயர் குளோசோகோபியஸ் அங்கரானென்சிஸ். முதல் சொல் பேரினத்தின் பெயர், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின் பெயர். அதைக் கவனியுங்கள், நம் உளுவையின் பேரினமேதான். அதே தீவின் தென்மேற்கில், மஹாஃபாலி பீடபூமியின் சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் டிஃப்லியோட்ரிஸ் என்ற இன்னொரு குருட்டு மீன். இரண்டுக்கும் ஒரே தீவு, ஒரே குருடு. ஆனால் இரண்டாவதன் நெருங்கிய சொந்தம் 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், நாம் பார்த்த மில்லியெரிங்கா. பிரசாந்தா சக்ரவர்த்தி, மேத்யூ டேவிஸ், ஜான் ஸ்பார்க்ஸ் மூவரும் 2012இல் மரபணுக்களை ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். முதல்முறை படித்தபோது அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஆண்டே ஸ்பார்க்ஸும் சக்ரவர்த்தியும் டிஃப்லியோட்ரிஸ் மராரிபே என்று ஒரு புதிய இனத்தையும் விவரித்தார்கள். இதற்கும் கண் இல்லை, ஆனால் உடல் கருப்பு! நிறமற்ற மூதாதையிலிருந்து வந்து நிறத்தைத் திரும்பப் பெற்ற இனம் என்பது அவர்கள் முடிவு. மராரிபே என்றால் மலகாசி மொழியில் பெரிய நோய். மீன் பிடிக்கப் போன குழுவைப் படுக்கவைத்த காய்ச்சலின் நினைவாக இட்ட பெயர்.

அப்படியானால் கோண்டுவானா உடைந்தபோது பிரிந்த மீன்களா இவை? (பொறியாளர், கோவை)

கோண்டுவானா என்பது தென் கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்த பழைய பெருநிலம். மேலே சொன்ன 2012 மரபணுக் கட்டுரை அப்படித்தான் வாதிடுகிறது. குகையை விட்டு வெளியே வராத மீன் கடலைத் தாண்டியிருக்க முடியாது, கண்டங்கள்தான் நகர்ந்திருக்க வேண்டும் என்பது வாதம். உறவை நான் முழுமையாக ஏற்கிறேன். காலக்கணக்கை ஏற்கத் தயங்குகிறேன். மடகாஸ்கர் ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து பிரிந்தது 10 கோடி ஆண்டுகளுக்கு வெகு முன்னால். தெளிவாகக் கோபி என்று சொல்லத்தக்க புதைபடிவங்களோ ஈயோசீன் காலத்தவை, சுமார் 5 கோடி ஆண்டு. மில்லியெரிங்கா வாழும் கேப் ரேஞ்ச் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் மயோசீன் காலத்தது, அதைவிட இளையது. கடலோரத்தில் பரவிக் கிடந்த ஒரு மூதாதை இரு கரைகளிலும் தனித்தனியாக நிலத்தடிக்குள் இறங்கியிருக்கலாம் என்ற வழியை மூடிவிடக் கூடாது.

மில்லியெரிங்கா புரூக்ஸி என்று ஒன்றும் இருந்ததே? (அதே மாணவி)

இருந்தது. 2010இல் சக்ரவர்த்தி விவரித்த இனம். 2013இல் லார்சன் குழுவினர் அதிக மாதிரிகளை வைத்துப் பார்த்து, அது வெரிடாஸேதான் என்று சேர்த்துவிட்டார்கள். அதே கட்டுரையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாரோ தீவு மீனைப் புதிய இனமாகப் பிரித்தார்கள். அதன் பெயர் மில்லியெரிங்கா ஜஸ்டிஷியா. உண்மைக்குத் துணையாக நீதி! மாதிரி குறைவாக இருந்தால் ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடும் புது இனமாகத் தெரியும். நிலத்தடி மீனில் எப்போதுமே மாதிரி குறைவுதான், அதனால் இப்படி நடப்பதை யாருடைய தவறாகவும் நான் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கிணற்றில் வெள்ளையாக ஒரு சிறு மீன் வாளியில் வந்தது. கோபியா? (நாகர்கோவில்)

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு தம்பி. பக்கத்துக் கேரளத்தின் செம்பாறைக் கிணறுகளில் கிடைத்திருக்கும் நிலத்தடி மீன்கள் வேறு கூட்டம். 1950இல் மேனன் விவரித்த ஹோராகிளானிஸ் கிருஷ்ணை, மீசையுள்ள குருட்டுக் கெளுத்தி. 2019இல் வந்த ஏனிக்மாசன்னா கோல்லம், விரால் வகைக்கு உறவு. அதற்கு அடுத்த ஆண்டே தனிக் குடும்பம் கொடுத்தார்கள். வாயருகே மீசை இருக்கிறதா, முதுகுத் துடுப்பு ஒன்றா இரண்டா என்று பாருங்கள். மீசை இல்லாமல், முதுகில் இரண்டு துடுப்பு தனித்தனியாக இருந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள்.

உயிரோடு இருந்தால் அதே கிணற்றுத் தண்ணீரில், நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பக்கவாட்டிலும் அடிப்பக்கத்திலும் படம் எடுங்கள். இறந்துவிட்டால் நிறம் சில மணி நேரத்தில் போய்விடும், ஆகவே படம்தான் முதலில். ஃபார்மலினில் போட்டுவிட வேண்டாம், மரபணு சிதைந்துவிடும். முதலில் துடுப்பில் ஒரு துணுக்கைத் தூய எத்தனாலில் எடுத்து வைத்த பிறகே உடலைப் பதப்படுத்த வேண்டும். அதை அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியில் செய்துதருவார்கள். கேரளத்தில் 2023இல் விவரித்த ஓர் இனத்துக்கு ஹோராகிளானிஸ் பாப்புலி, மக்களுடையது, என்றே பெயர் வைத்தார்கள். கிணற்றில் வந்ததை எடுத்துக் கொடுத்தவர்கள் உங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான்.

அடுத்த முறை கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன்னால் இரண்டு நாள் வாளியைக் கவனித்துப் பாருங்கள்.