1869-ன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்தான் இன்றைய ரெட்ஸ் அணியா?

இல்லை, இரண்டும் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர பேஸ்பால் அணிகள், பெயர்தான் குழப்புகிறது. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் அணி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதற்கு முன்பும் பணம் கைமாறியது, ஆனால் திரைமறைவில். அணியைக் கட்டியவர் ஹாரி ரைட், இங்கிலாந்தில் பிறந்த கிரிக்கெட்காரர். அவருக்குச் சம்பளம் 1,200 டாலர், தம்பி ஜார்ஜுக்கு 1,400! (தம்பியின் ஆட்டம் அப்படி.) 1869 முழுக்கத் தோல்வியே இல்லை.

1870 ஜூன் 14, புரூக்ளின். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. சமன் போதும் என்று உள்ளூர் அட்லாண்டிக்ஸ் அணி கிளம்பப் பார்த்தது, ஹாரி விடவில்லை. 11-வது இன்னிங்ஸில் ரெட் ஸ்டாக்கிங்ஸ் 7-5 என முன்னிலை பெற்றும் 8-7 என்று தோற்றார்கள். வீம்புக்கு விலை!

பிறகு கூட்டம் குறைந்தது, சம்பளம் கட்டுப்படியாகவில்லை. அந்த ஆண்டோடு சம்பள அணி கலைந்தது. பெயரையும் சில வீரர்களையும் ஹாரி பாஸ்டனுக்குக் கொண்டுபோனார். அந்த பாஸ்டன் அணியின் வாரிசுதான் இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ் அணி. இன்றைய ரெட்ஸ் 1882-ல் ஆடத் தொடங்கிய வேறு அணி.