மண்ணும் நெருப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஜூலு இனக் குயவர்களும் நவீனக் கலைஞர்களும் சேர்ந்து செய்யும் சடங்குப் பீர்ப் பானைகளின் படங்களைப் பார்த்தேன். அந்தப் பளபளக்கும் கறுப்பு, பெயின்ட்டா, இல்லை கிளேஸா (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சா)?

பதில்: இரண்டும் இல்லை. பளபளப்பு கல்லால் வருவது, கறுப்பு புகையால் வருவது. பானை பாதி உலர்ந்து, அழுத்தினாலும் நெளியாத பதத்தில் கூழாங்கல்லால் தேய்ப்பார்கள். மண்துகள்கள் படிந்து மேற்பரப்பு இறுகும். ஈரமாக இருக்கையிலேயே தேய்த்தால், காயும்போது மண் சுருங்கி மினுமினுப்பு மங்கிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

முதல் சூட்டில் பானை செம்பழுப்பாக வெளிவரும். பிறகு சருகு, புல், சாணத்துக்கு நடுவே வைத்து மூடி மறுபடி புகையவிடுவார்கள். காற்று கிடைக்காத நெருப்பில் கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் போய் அடையும். சூடு இறங்குமுன் மூடியை விலக்கினால் காற்றுப் பட்ட இடத்துக் கரி எரிந்துபோய்ச் சிவப்புத் திட்டு விழும். கடைசியில் கொழுப்புத் தேய்த்துத் துடைப்பார்கள். மூதாதையர் இருளை விரும்புவார்கள் என்பது நம்பிக்கை. அவர்களுக்கான பீர் கறுப்புப் பானையில் இருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள்.

கேள்வி: கலைஞர் வரைந்து கொடுத்த புது வடிவம் சூட்டில் உடைந்துபோக என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் கனம் சீராக இல்லாததுதான். இந்தப் பானைகள் திரிகையில் வனைபவை அல்ல. மண்ணைத் திரியாக உருட்டி, அடுக்கடுக்காக ஏற்றிக் கையால் இழைத்துச் சேர்ப்பவை. சூளையும் கிடையாது, திறந்த நெருப்புதான். அதில் சூடு விறுவிறுவென ஏறும். சுவர் ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஓரிடத்தில் தடித்தும் இருந்தால், தடித்த பகுதிக்குள் ஈரம் தங்கிவிடும். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது ஆவியாகிப் பானையைப் பிளக்கும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகக் கனிமம் சட்டென்று விரிவதால் கூர்மூலைகளிலும் தட்டையான அடிப்பாகத்திலும் விரிசல் ஓடும். உருண்டை வயிறு அந்த இழுவையைப் பரவலாகத் தாங்கிக்கொள்ளும். நூற்றாண்டுகளாகப் பானை உருண்டையாகவே இருப்பதில் அழகு மட்டுமல்ல காரணம்.

இன்னொன்று, ‘அமாசும்பா’ எனும் பரு வேலைப்பாடு. சிறு களிமண் உருண்டைகளை ஒட்டும்போது பானையும் உருண்டையும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்த பானையில் ஈர உருண்டை ஒட்டினால் அது தனியாகச் சுருங்கி உதிர்ந்துவிடும்.

வடிவத்தை மாற்றுமுன் அதன் வேலையைக் கேட்டறிய வேண்டும். ‘உகாம்பா’வின் வாய் அகன்றது, இரு கையாலும் ஏந்திக் குடித்து அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு. கழுத்துள்ள ‘உபீசோ’ பீர் தளும்பாமல் சுமந்து போவதற்கு. பெரிய ‘இம்பிசா’ காய்ச்சுவதற்கு. அழகுக்காகக் கழுத்தை ஒடுக்கினால், குடிக்கும் பானை சுமக்கும் பானையாகிவிடும். அதைச் சடங்கில் வைக்கச் சொன்னால் குயவருக்கு நியாயமாகவே கோபம் வரும்.

கேள்வி: உள்ளே கிளேஸ் பூசினால் கசியாதே, ஏன் பூசுவதில்லை?

பதில்: திறந்த நெருப்பில் பெரும்பாலான கிளேஸ்கள் உருகிப் படியாது. குறைந்த சூட்டில் உருகுவதற்காக ஈயம் சேர்த்த கிளேஸ் சோளப் பீரின் புளிப்பில் கரையும், குடிப்பவருக்கு நஞ்சு. சூளையில் ஏற்றி 1000 டிகிரியைத் தாண்டிச் சுட்டால், கல்லால் தேய்த்த பளபளப்பே போய்விடும். துளைகள் வழியே லேசாகக் கசிந்து ஆவியாகும் ஈரம்தான் பீரைக் குளிரவும் வைக்கிறது. கொழுப்பு அந்தக் கசிவை வேண்டிய அளவுக்கு மட்டுப்படுத்துகிறது. கண்காட்சிக்காக வார்னிஷ் அடித்த பானையில் யாருக்கும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பானையில் யார் பெயர் இருக்க வேண்டும்?

பதில்: குயவர், கலைஞர் இருவர் பெயரும், ஒரே அளவில். தென்னாப்பிரிக்காவின் துகேலா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஜூலு பெண் குயவர் நெஸ்டா நாலா (1940–2005) தன் பெயராலேயே அறியப்பட்ட கலைஞர். பெண்களின் கைத்தொழிலாக இருந்த இதை, கிளைவ் சித்தோலே என்ற ஆண் கலைஞர் அவரிடம்தான் கற்றார். எனவே ‘உள்ளூர்க் குயவர்கள் உதவியுடன்’ என்று பெயரில்லாமல் எழுதுவது தவறு. கூலியையும் உடையாமல் வந்த பானைகளுக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். புது வடிவத்தில் முதல் சில பானைகள் உடையத்தான் செய்யும். அந்த இழப்பு வடிவத்தைக் கேட்டவருடையது.