பத்து போர்ட்டலும் ஒரு ஊராட்சி செயலாளரும்: வாசகர் கடிதம்

அண்ணே வணக்கம்,

போன வாரம் நீங்க எழுதுனதுல, “ஊராட்சி கம்ப்யூட்டருக்கு மாறுனதுல மக்களுக்குக் கிடைச்ச லாபத்தவிட ஊராட்சிக்குக் கிடைச்ச லாபம்தான் பெருசு”ன்னு ஒரு வரி போட்டுட்டு அப்படியே தாண்டிப் போய்ட்டீங்க. நான் தென் மாவட்டத்துல ஒரு ஊராட்சில செயலாளரா இருக்கேன் (பேரு ஊரு எதுவும் போட்ராதீங்கண்ணே, பொழப்புல மண்ணு விழுந்துரும்). அந்த வரியப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, அப்புறம் கோவமும் வந்துச்சு.

வரிக்கு ஒரு சைட், திட்டம் போட ஒண்ணு, பில்லுக்கு ஒண்ணு, வீடு கட்டுற திட்டத்துக்கு எடத்தோட போட்டோ ஏத்துற ஜியோ டேக், டேங்க்ல குளோரின் போட்டதுக்கு வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ. எல்லாத்தையும் ஏத்தி முடிச்சா சாயங்காலம் அதே விவரத்த எக்செல்ல கேப்பாங்க. மத்தியானமானா சர்வர் படுத்துரும். ஊருல பாதிப் பேருக்கு பட்டன் போனு, “நீயே கட்டி விட்ரு தம்பி”ன்னு காசக் கைல குடுத்துட்டுப் போயிர்றாங்க, நான் என் ஜிபேல இருந்து கட்டிட்டு நோட்டுல எழுதி வச்சிக்கிறேன். இதுக்கு அந்தப் பழைய ரசீது புக்கே தேவலாம். உண்மையச் சொல்லுங்க, இதுல ஊராட்சிக்கு என்னண்ணே லாபம்? எல்லாம் மேல உக்காந்திருக்கவங்களுக்குத்தான.

அன்புடன்,
ஒரு ஊராட்சி செயலாளர்

---

தம்பிக்கு வணக்கம்.

பேரும் போடல ஊரும் போடல, நிம்மதியா படிங்க. நீங்க சொன்ன கஷ்டத்துல ஒண்ணக்கூட நான் இல்லன்னு சொல்லப்போறதில்ல. ஆனா அந்த வரிய வாபஸ் வாங்குற ஐடியாவும் இல்ல.

மொதல்ல அந்த ரசீது புக்குக்கே வருவோம், ஏன்னா வெவகாரமே அங்கதான் இருக்கு. ரசீது புக்குல என்ன இருந்துச்சு? யாரு கட்டுனாங்கன்னு இருந்துச்சு. யாரு கட்டலன்னு அதுல இருக்காது. அது, யாரு எவ்வளவு கட்டணும்னு எழுதி வைக்கிற கேட்புப் பதிவேட்டுல இருக்கணும், அந்தப் பதிவேடு பல ஊர்ல பீரோவுக்குள்ள, பீரோ சாவி செயலாளர் பைக்குள்ள, செயலாளர் மாறிப் போனா புதுசா வர்றவருக்கு பாதி வீடு எங்க இருக்குன்னே தெரியாது. குடிசையா இருந்தப்ப எழுதுன வரிய, அது ஓட்டு வீடாகி, மச்சு வீடாகி, மாடியும் ஏறுன பெறகும் அப்படியே குடிசைன்னு கட்டிட்டு இருந்த ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு, அதுல பாதிப் பேரு ஊர்ல பெரிய மனுசங்கங்கிறதும் உங்களுக்கே தெரியும். தலைவர்ட்ட போயி “உங்க ஊராட்சிக்கு வரணும்னு இருக்குற காசு எவ்வளவு”ன்னு கேட்டா, வந்த காசச் சொல்லுவாரே ஒழிய வரவேண்டிய காசச் சொல்லத் தெரியாது.

இப்ப கிராம ஊராட்சிக்குன்னு இருக்குற வரி போர்ட்டல்ல ஒவ்வொரு வரிவிதிப்பு எண்ணுக்கும் கேட்பு, வசூல், நிலுவை மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. நீங்க எல்லாம் டிசிபின்னு சொல்லுவீங்களே, முன்னாடி வருசக் கடைசில ரெண்டு நாள் கதவச் சாத்திட்டு உக்காந்து ‘தயாரிச்ச’ அந்த டிசிபி, இப்ப எப்ப வேணா எடுக்கலாம். ‘தயாரிச்ச’ங்கிற வார்த்தைய நான் சும்மா போடல.

இது ஏன் ஊராட்சிக்கு லாபம்னு சொல்றேன்னா, வீட்டு வரியும் தண்ணி கட்டணமும் தொழில் வரியும்தான் ஊராட்சியோட சொந்தக் காசுல முக்கியமானது. மேல இருந்து வர்றதுல பெரும்பகுதி, வர்றப்பவே இதுக்குத்தான் செலவு பண்ணணும்னு சீட்டு ஒட்டிதான் வரும். மே மாசம் மோட்டார் காயில் கருகிப்போச்சுன்னு வச்சிக்குங்க, எந்தத் திட்டத்துல எஸ்டிமேட் போட்டு யாரு அனுமதி குடுத்து எப்ப ரீவைண்டிங் பண்றது? சொந்தக் காசு கணக்குல இருந்தா அன்னிக்கே மோட்டார கழட்டி மெக்கானிக்ட்ட அனுப்பலாம், இல்லாட்டி காலிக் கொடத்தோட ரோட்ல உக்காந்துருவாங்க, அந்த ஏச்சு பேச்சு எல்லாம் உங்களுக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும்தான். வரி வசூல் ஏறுச்சுன்னா ஊராட்சி அடுத்தவன்ட்ட கைகட்டி நிக்கிறது அந்த அளவுக்குக் கொறையும்.

பூட்டிக் கெடக்குற வீடு இன்னொண்ணு. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்குறவரு, சிங்கப்பூர்ல இருக்குறவரு, பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ வந்தா உண்டு, வந்த எடத்துல ஊராட்சி ஆபீஸ் பூட்டியிருக்கும், அப்படியே வருசக்கணக்கா பாக்கி விழும். அந்த ஆளு இன்னிக்கு அங்க இருந்தே கட்டிரலாம். உங்ககிட்ட காசக் குடுக்குற கெழவிக்கும் இதத்தான் நான் சொல்லுவேன், அவங்க மகனோ பேத்தியோ போன்ல கட்டட்டும். தயவுசெஞ்சு உங்க ஜிபேல இருந்து ஊர் வரியக் கட்டாதீங்க தம்பி. நல்ல மனசுலதான் செய்றீங்க, ஆனா நாளைக்கு ஆடிட்ல உங்க பேங்க் ஸ்டேட்மெண்ட்டுல ஊர்க்காசு வந்து போனதுக்கு விளக்கம் கேட்டா அந்த நோட்டு உங்களக் காப்பாத்தாது. கட்டுனவங்க கணக்குல இருந்து ஊராட்சி கணக்குக்கு நேரா போனா, செயலாளர் கையாடல் பண்ணிட்டாருன்னு எவனும் மொட்டைக் கடுதாசி போட முடியாது. இந்த லாபம் உங்களுக்கு, நேரடியா.

நகராட்சி, மாநகராட்சி பக்கம் இது இன்னும் தெளிவா தெரியுது. அங்க சொத்து வரி அரையாண்டுக்கு அரையாண்டு, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் மொத 30 நாளுக்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி (5,000 ரூபாய்க்கு மேல போகாது), தாமதமானா மாசம் 1 சதவீதம் வட்டி. இந்தக் கணக்க பில் கலெக்டர் கையால போட்ட காலத்துல யாருக்கு வட்டி போடறது யாருக்கு விடறதுங்கிறது அவரு இஷ்டம். மெஷினுக்கு கவுன்சிலர் மச்சானும் தெரியாது, சொந்தக்காரனும் தெரியாது.

அடுத்தது மானியம். 15-வது நிதிக் கமிஷன் 2021-ல இருந்து 2026 வரைக்கும் நாட்டுல இருக்குற கிராம உள்ளாட்சிகளுக்கு மட்டும் 2,36,805 கோடி சொல்லுச்சு. அதுல 60 சதவீதம் குடிதண்ணி, சுகாதாரத்துக்கு, மீதி 40 ஊராட்சி இஷ்டம். ஆனா கணக்க ஆன்லைன்ல பொதுமக்கள் பாக்குற மாதிரி போட்டாதான் காசுன்னு வாசல்லயே ஒரு நிபந்தனை வச்சுட்டாங்க, போன வருசக் கணக்கும் இருக்கணும், அதுக்கு முந்துன வருசத்தோட ஆடிட் ஆன கணக்கும் இருக்கணும். 2020 ஏப்ரல் 24-ல வந்த இ-கிராம் ஸ்வராஜ்ங்கிற ஊராட்சிக் கணக்கு போர்ட்டல்ல நீங்க ராத்திரி முழிச்சு ஏத்துறீங்களே, அது வெறும் ரிப்போர்ட் இல்ல, உங்க ஊராட்சிக்கு காசு வர்ற வழி அது. ஆனா இதுலயே ஒரு கேலிக்கூத்து இருக்கு. தேர்தல் நடந்து முறையா அமைஞ்ச உள்ளாட்சிக்குத்தான் மானியம்ங்கிறதும் அதே நிபந்தனைல வருது. நம்ம மாநிலத்துல 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்த மாவட்டங்கள்ல தலைவர், உறுப்பினர்களோட காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு அரசு போட்ட தனி அலுவலர் கைக்குப் போயிருச்சு. அப்ப சாஃப்ட்வேர் அது பாட்டுக்கு ஓடுச்சு, அதுல ஒப்புதல் குடுக்க ஊர் தேர்ந்தெடுத்த ஆளு இல்லாம போச்சு. இத எந்த போர்ட்டல் வந்து சரி பண்ணும்?

இப்ப உங்க கோவத்துக்கு வரேன். அதுல பாதி நியாயம், ஏன்னா நீங்க ஏத்துற விவரத்துல பெரும்பங்கு உங்க ஊராட்சிக்கு ஒண்ணும் திருப்பித் தர்றதில்ல. நூறு நாள் வேலைல அந்த வருகைப்பதிவு ஆப்ப பாருங்க. 2023 ஜனவரி 1-ல இருந்து பொது வேலை நடக்குற எல்லா எடத்துலயும் கட்டாயம்னாங்க, தெனம் ரெண்டு தடவ போட்டோ எடுத்து ஏத்தணும். என்ன ஆச்சு? போட்டோவையே போட்டோ எடுத்து ஏத்துறது, வேலைக்கே சம்பந்தமில்லாத படத்தப் போடறதுன்னு நடக்குதுன்னு 2025 ஜூலைல மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுத்தறிக்கை விட்டு, எல்லா போட்டோவையும் ஆள வச்சு சரி பாருங்கன்னு ஊராட்சிட்டயே திருப்பி விட்டுச்சு. கீழ இருக்குறவன நம்பாம கேமராவ நம்புனாங்க, கடைசில கேமராவ நம்ப முடியாம மறுபடி கீழ இருக்குறவன்ட்டயே வந்து நின்னாங்க. வெயில்ல வேலை பாத்த பொம்பளைங்களுக்கு நெட்வொர்க் இல்லாம ரெண்டாவது போட்டோ ஏறலன்னா அன்னிக்குக் கூலில சிக்கல். இந்த மாதிரி ஆப்பால ஊராட்சிக்கு எந்த லாபமும் இல்ல, அதுல நான் உங்க கட்சி.

ஆனா பக்கத்துல கேரளாவ பாருங்க. அங்க வரிசையே வேற. 1996-ல மக்கள் திட்ட இயக்கம்னு ஆரம்பிச்சு மாநிலத் திட்டப் பணத்துல 35, 40 சதவீதத்த மொதல்ல உள்ளாட்சிகிட்ட குடுத்தாங்க. காசும் அதிகாரமும் கைக்கு வந்ததும் அத்தன ஊராட்சியும் ஆளுக்கொரு திட்டம் போட ஆரம்பிச்சா கணக்கு வைக்கிறது யாரு, அந்தத் தேவைல இருந்துதான் 1999-ல இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்னு உள்ளாட்சிக்குன்னே தனியா ஒரு அமைப்பு வந்து சாஃப்ட்வேர் எழுத ஆரம்பிச்சுது. பிறப்பு இறப்பு பதிவுக்கு சேவனா, திட்டத்துக்கு சுலேகா. இப்ப அதெல்லாம் கே-ஸ்மார்ட்னு ஒரே எடத்துக்கு வந்துருச்சு, 2024 ஜனவரி 1-ல நகரங்கள்ல, 2025 ஏப்ரல்ல ஊராட்சிகள்ல. கல்யாணத்த வீடியோ கால்லயே சரிபாத்து பதிவு பண்ணிக்கலாம், மாப்ள துபாய்ல இருந்தாலும் சரி. அங்க கிராம ஊராட்சி செயலாளர்தான் பிறப்பு இறப்பு பதிவாளர். நம்ம கிராமத்துல பிறப்பு இறப்பு விஏஓட்ட, ஆரம்ப சுகாதார நிலையத்துல நடந்தா ஹெல்த் இன்ஸ்பெக்டர்ட்ட. ஒரு கொழந்த பொறந்தது ஊராட்சிக்கு மட்டும் தெரியாது. அப்ப உங்க கம்ப்யூட்டர்ல என்னத்த தேடுனாலும் ஊரோட முழுக்கணக்கு கெடைக்காது, அது ரெவின்யூல ஒரு துண்டு, ஹெல்த்துல ஒரு துண்டு, உங்ககிட்ட ஒரு துண்டா கெடக்கும். பத்து போர்ட்டல்னு பொலம்புறீங்களே, அது பத்து டிபார்ட்மெண்ட். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தேவைக்கு ஊராட்சிய டேட்டா என்ட்ரி ஆபீஸா வச்சிருக்காங்க. கேரளாலயும் சர்வர் படுக்கும், திட்டும் விழும், ஆனா அங்க செயலாளர் ஏத்துறதுல பெரும்பாலானது அவரு ஆபீஸ் வேலையே.

கட்டட அனுமதிலயும் இது தெரிஞ்சுது. 2024 ஜூலைல நம்ம அரசு சுயசான்று முறை கொண்டாந்துச்சு, 2,500 சதுர அடி மனைல 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா ஆன்லைன்ல கட்டணத்தக் கட்டுனதும் அனுமதி. ஓவர்சியர் பின்னாடி அலையறது போச்சு, கவருக்குள்ள போன காசுல கொஞ்சமாவது கட்டணமா உள்ளாட்சி கணக்குக்கு வருது. அதேநேரத்துல ஊர்ல எங்க வீடு எழும்புதுங்கிறத பாக்குற கண்ணு ஊராட்சிட்ட இல்லாம போயிரக்கூடாது. அந்த அனுமதி பட்டியல மாசாமாசம் எடுத்து வரிப் பட்டியலோட ஒப்பிட்டா, கட்டி முடிச்சும் வரிக்கு வராத வீடு தானா வெளிய வந்துரும். இந்த வேலைய எத்தன ஊராட்சி செய்யுது சொல்லுங்க.

பயப்பட வேண்டிய எடம் வேற ஒண்ணு இருக்கு, அத நீங்க எழுதல. செக்ல தலைவரும் துணைத்தலைவரும் சேந்து கையெழுத்து போட்டது போயி கம்ப்யூட்டர்ல செருகி கையெழுத்து போடற டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வந்துச்சுல்ல, பல ஊர்ல அந்த டோக்கன் யாரு கைல இருக்கு? பெண் தலைவரா இருந்தா வீட்டுக்காரர் பைல, இல்லன்னா பில்லு போடற எடத்துல கம்ப்யூட்டர் பக்கத்து டிராயர்ல, பாஸ்வேர்டு அதுமேலயே ஒட்டி. செக் புக்க இப்படி யாராச்சும் குடுத்துட்டுப் போவாங்களா? அமெரிக்கால பால்டிமோர்னு ஒரு மாநகராட்சி, 2019 மே மாசம் அவங்க கம்ப்யூட்டர எல்லாம் எவனோ பூட்டிட்டு 13 பிட்காயின் கேட்டான். அவங்க குடுக்கல. வீடு வாங்க விக்க வேண்டிய பத்திர வேலை நின்னுச்சு, தண்ணி பில்லு மாசக்கணக்குல போகல, சரி பண்ணவும் வராமப்போன வருமானமுமா சேத்து 1 கோடியே 80 லட்சம் டாலர்னு கணக்கு சொன்னாங்க. அவ்வளவு பெரிய ஊருக்கே அந்தக் கதி. அதனால டோக்கன மொதல்ல உரியவங்க கைக்கு வாங்கிக் குடுங்க, வரிப் பட்டியல வருசத்துக்கு ஒருதடவயாச்சும் அச்செடுத்து பைண்டிங் பண்ணி வைங்க. இது பழைய ரசீது புக் ஆசை இல்ல, பேக்கப்.

எக்செல்ல மறுபடி கேக்குற கொடுமைக்கு என்கிட்ட மருந்து இல்ல. அத உங்க சங்கம்தான் கூட்டம் போட்டு, போர்ட்டல்ல இருக்குறத போர்ட்டல்லயே பாத்துக்கங்கன்னு எழுத்துல கேக்கணும். ஒருத்தர் தனியா கேட்டா மெமோதான் வரும்.

ஆனா ஒண்ணு நீங்களே செய்யலாம். அடுத்த கிராம சபைக்கு வழக்கமான தீர்மானத்தோட அந்த டிசிபிய வார்டு வாரியா பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. யாரு பேரையும் வாசிக்க வேணாம், ஒவ்வொரு வார்டுலயும் இவ்வளவு வரணும், இவ்வளவு வந்துருக்கு, இந்தக் காசு வந்தா தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் பிடிஓ ஆபீஸுக்கு அலைய வேணாம்னு மட்டும் சொல்லுங்க, மீதிய ஊரே கேக்கும். போறதுக்கு முந்தி பெரிய பாக்கில இருந்து வரிசப்படுத்தி மொத பத்து பேரு யாருன்னு மட்டும் பாத்துக்குங்க, மேடைல உக்காரப்போறவரு அதுல இருந்தாருன்னா முந்தின நாளே போயி ஒரு வார்த்த சொல்லிருங்க, அவரே கட்டிட்டு வந்து உக்காந்துருவாரு.